ஆன்டிபயாடிக்குகளில் பெரியது சிறியது கிடையாது

"இந்த மாத்திரை கேட்கவில்லை டாக்டர், கொஞ்சம் பவராக எழுதிக் கொடுங்கள்." புறநோயாளிகள் பிரிவிலும் மருந்துக்கடை வாசலிலும் அன்றாடம் கேட்கும் கோரிக்கை இது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் இல்லை. நம்மில் பலர் மனத்துக்குள் ஓர் ஏணி இருக்கிறது. கீழ்ப்படியில் அமாக்சிசிலின், அதற்கு மேல் செஃபிக்ஸிம், அதற்கும் மேல் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி, உச்சியில் ஐ.சி.யூ.வில் ஏற்றும் மெரோபெனம். மேலே போகப் போக வீரியம் கூடும், மாத்திரையைவிட ஊசி உசத்தி, பழைய மருந்தைவிடப் புதியது நல்லது, விலை கூடினால் குணமும் விரைவில் தெரியும் என்று நம்புகிறோம். மருத்துவர்களிலும் கணிசமானோர் இந்த ஏணியை வைத்தே மருந்து எழுதுகிறார்கள்.

இந்த ஏணி பொய். ஆன்டிபயாடிக்குகளை வீரியத்தால் வரிசைப்படுத்த முடியாது. எந்தக் கிருமி, உடலில் எந்த இடம், எந்த நோயாளி என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் ஒரு மருந்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும். மெரோபெனம் பல கிருமிகள்மீது வேலை செய்யும் என்பது உண்மை. பல கிருமிகளைத் தொடும் மருந்து, உங்களுக்கு வந்திருக்கும் ஒரு கிருமியை மற்ற மருந்துகளைவிட நன்றாகக் கொல்லும் என்பது அதிலிருந்து பெறப்படாது. வீச்சையும் வீரியத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தத் தவறின் வேர்.

பாக்டீரியாக்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. 1884இல் பெர்லினில் பணியாற்றிய டென்மார்க் மருத்துவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் திசுவில் கிருமிகளைக் கண்ணுக்குப் புலப்படுத்த ஒரு வழி தேடினார். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் ஊற்றி, பிறகு ஆல்கஹாலில் கழுவினார். சில கிருமிகள் ஊதா நிறத்தை விடாமல் பிடித்துக்கொண்டன, சில இழந்துவிட்டன. இழந்தவை தெரிவதற்காகப் பின்னால் வந்தவர்கள் ஒரு சிவப்புச் சாயத்தைச் சேர்த்தார்கள். ஊதாவாக நிற்பவை கிராம் பாசிட்டிவ், இளஞ்சிவப்பாக மாறுபவை கிராம் நெகட்டிவ். இந்தச் சோதனைக்கு ஒரு நுண்ணோக்கியும் சில சாயக்குப்பிகளும் போதும். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் சுவர். கிராம் பாசிட்டிவ் கிருமிக்கு வெளிப்புறத்தில் தடித்த சுவர் உண்டு. கிராம் நெகட்டிவ் கிருமியின் சுவர் மெலிது, ஆனால் அதற்கு வெளியே கொழுப்பாலான இன்னொரு படலம் போர்த்தியிருக்கிறது. மருந்து உள்ளே போக வேண்டுமானால் அந்தப் படலத்திலுள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். வான்கோமைசின் என்ற ஊசி மருந்தின் மூலக்கூறு அந்தத் துளைகளில் நுழைய முடியாத அளவு பெரியது. ஆகவே சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பெரும்பாலும் காரணமான ஈ.கோலை என்ற கிராம் நெகட்டிவ் கிருமியை வான்கோமைசின் எத்தனை குப்பி ஏற்றினாலும் ஒன்றும் செய்யாது. 'கடைசி மருந்து' என்று பலர் பெயர் சொல்லக் கேட்ட கோலிஸ்டின் இதற்கு நேர் எதிர். அது கிராம் நெகட்டிவ் கிருமிகளின் வெளிப்படலத்தைத் தாக்கும். கிராம் பாசிட்டிவ் கிருமிகளிடம் அதற்கு வேலையே இல்லை. இந்த இரண்டில் எது உயர்ந்த படி?

சுவரோடு உருவத்தையும் சேர்த்துப் பார்த்தால் அன்றாட நோய்களின் பெரும்பகுதி விளங்கிவிடும். ஊதா நிற உருண்டைகள் கொத்தாக இருந்தால் ஸ்டெஃபிலோகாக்கஸ். தோல் கட்டி, புண்ணில் சீழ், எலும்புத் தொற்று இவற்றின் முதல் சந்தேக நபர். சங்கிலியாக இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை அழற்சியும் கால் சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸும் இதன் வேலை. இரண்டிரண்டாக இருந்தால் நிமோகாக்கஸ்; நிமோனியாவும் மூளை உறைக் காய்ச்சலும் தரும். இளஞ்சிவப்புக் கோல்கள் பெரும்பாலும் குடல்வாசிகள்: ஈ.கோலை, கிளெப்சியெல்லா, டைபாய்டு தரும் சால்மோனெல்லா. ஈரமான இடங்களிலும் மருத்துவமனைக் கருவிகளிலும் குடியிருக்கும் சூடோமோனாஸும் இந்த நிறம்தான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் மட்டும் செழிக்கும் பாக்டீராய்ட்ஸ் போன்றவை வயிற்றுக்குள் சீழ் கட்டும்போது வெளிப்படும். இந்தச் சாயத்தில் பிடிபடாத கூட்டம் ஒன்றும் உண்டு: சுவரே இல்லாத மைக்கோபிளாஸ்மா, நம் செல்லுக்குள் புகுந்து வாழும் ஸ்க்ரப் டைபஸ் கிருமி, மெழுகுபோன்ற உறை போர்த்திய காசநோய்க் கிருமி.

இனி அந்த ஏணியை இந்தக் கிருமிகளிடம் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்போம்.

வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் என்று தமிழகத்தின் பல மாவட்டங்களில் மழைக்காலத்தை ஒட்டி ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருகிறது. புதரிலுள்ள நுண்ணிய பூச்சியின் இளம்பருவம் கடித்துப் பரவுவது இது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு ஒன்று சிலருக்குத் தென்படும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை எல்லாம் பாதிக்கப்பட்டு உயிர் போகும். இந்தக் காய்ச்சலுக்கு மெரோபெனம் பயன்படாது, செஃப்ட்ரியாக்ஸோனும் பயன்படாது. அவை தாக்கும் இலக்கு இந்தக் கிருமியிடம் அவற்றுக்கு எட்டும்படி இல்லை. கேட்கும் மருந்து டாக்சிசைக்ளின், மிக மலிவான பழைய மாத்திரை. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது, ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்ல பலன் தருகிறது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தலைமையில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் காட்டியது. அந்த ஆய்வு உயிர் காக்கத் தேடியதும் ஏணியின் கீழ்ப்படியில் இருக்கும் மருந்துகளைத்தான். காய்ச்சல் குறையவில்லை என்று ஊசியை மாற்றி மாற்றி மேலே ஏறிக்கொண்டே போகும் மருத்துவமனையில், நோயாளி கீழே போய்க்கொண்டிருப்பார்.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் இரத்தத்தில் பரவினால் உயிருக்கு ஆபத்து. அந்தக் கிருமி சாதாரண மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால் குளோக்சாசிலின் வகை மருந்தும் செஃபசோலினும்தான் சிறந்தவை. வான்கோமைசின் கொடுக்கப்பட்ட அத்தகைய நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. வான்கோமைசினின் இடம் வேறு: எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற மருந்தெதிர்ப்பு வகை. 'உயர்ந்த' மருந்தைக் கொடுத்து நோயாளியை இழப்பது என்பது இங்கே நடக்கக்கூடிய உண்மை.

செஃபலோஸ்போரின் மருந்துகளை முதல் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று பிரிப்பதைப் பார்த்து, பின்னால் வந்தது முன்னதைவிட மேம்பட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். தலைமுறை ஏற ஏறப் பொதுவாக கிராம் நெகட்டிவ் கிருமிகள்மீது பிடி இறுகும், ஸ்டெஃபிலோகாக்கஸ்மீது பிடி தளரும். தோலில் கட்டி வந்தவருக்கு மருந்துக்கடையில் செஃபிக்ஸிம் கொடுத்து அனுப்புவதைப் பார்க்கிறோம். அது மூன்றாம் தலைமுறை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸிடம் அது அநேகமாகச் செல்லாது. முதல் தலைமுறை செஃபலெக்சின்தான் அங்கே வேலை செய்யும். கட்டியில் சீழ் கோத்திருந்தால் அதைக் கீறி வெளியேற்றுவதே முதல் சிகிச்சை. சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது.

இப்படிப் போய்ச் சேரும் இடம்தான் ஏணிக்காரர்கள் எண்ணிப் பார்க்காத இரண்டாவது விஷயம். சோதனைக்கூடத் தட்டில் கிருமியைக் கொல்லும் மருந்து, நோயுள்ள இடத்தில் போதிய அளவில் இருந்தாக வேண்டும். டாப்டோமைசின் புதிய, விலை உயர்ந்த மருந்து. நுரையீரலின் காற்றறைகளில் சுரக்கும் ஒரு திரவம் அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் நிமோனியாவுக்கு அது உதவாது. டைகிசைக்ளின் சிறுநீரில் போதுமான அளவு சேராது. ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழைய ஆக்சிஜன் வேண்டும், ஆகவே பாக்டீராய்ட்ஸிடம் தோற்கும். நைட்ரோஃபியூரன்டாய்ன் 1950களின் மருந்து. இரத்தத்தில் அது போதிய அளவு தங்காது, சிறுநீரில் மட்டும் செறிவாகச் சேரும். அந்தக் குறையே அதற்கு நிறையாகிறது. பெண்களுக்கு அடிக்கடி வரும் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஐந்து நாள் மாத்திரையில் அது நல்ல பலன் தருகிறது, உடலின் மற்றப் பகுதிகளையும் அதிகம் தொந்தரவு செய்வதில்லை. தொற்று சிறுநீரகத்துக்கே ஏறிவிட்டால் அதே மருந்து போதாது. கிருமி ஒன்றுதான், இடம் மாறியதால் முடிவு மாறுகிறது.

ஊசி உசத்தி என்ற எண்ணமும் இங்கேயே உடைகிறது. லினசோலிட், லெவோஃபிளாக்சாசின், மெட்ரோனிடசோல் போன்றவை வாய்வழி கொடுத்தாலும் ஏறத்தாழ முழுமையாக இரத்தத்தில் சேர்ந்துவிடும். பிரிட்டனில் எலும்பு, மூட்டுத் தொற்று கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், முதல் ஆறு வாரச் சிகிச்சையில் மாத்திரை சாப்பிட்டவர்கள் ஊசி போட்டவர்களைவிடப் பின்தங்கவில்லை. வாந்தி எடுப்பவருக்கும், அதிர்ச்சி நிலையில் இருப்பவருக்கும், மாத்திரையாகவே கிடைக்காத மருந்துக்கும் ஊசி அவசியம். மற்றவர்களுக்கு ஊசி என்பது வலியும் செலவும்.

நோயாளியின் மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டும் இதே பிழை நடக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே எம்.ஐ.சி. என்று ஓர் எண் இருக்கும். கிருமி வளர்வதைத் தடுக்கத் தேவைப்படும் குறைந்தபட்ச அளவு அது. எண் எது குறைவோ அதுவே வலிமையான மருந்து என்று பலர் படிக்கிறார்கள். ஈ.கோலைக்கு சிப்ரோஃபிளாக்சாசின் 1 என்றும் நைட்ரோஃபியூரன்டாய்ன் 16 என்றும் வந்தால், கட்டுப்படுவது 16 என்று வந்த மருந்துக்கு. 1 என்று வந்த மருந்தை அந்தக் கிருமி எதிர்த்து நிற்கும். ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு தனி. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதற்கு எந்தப் பொருளும் இல்லை.

எதிர்த்தரப்பு வாதங்களைத் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை. அவற்றில் வலுவானது இது: கிருமி இரத்தத்தில் பரவி இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட நோயாளியிடம் கல்ச்சர் வரும்வரை காத்திருக்க முடியுமா? முடியாது, காத்திருக்கவும் கூடாது. செப்டிக் ஷாக்கில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்று 2021இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. அங்கே வீச்சு அகலமான மருந்தோடு தொடங்குவது சரியே. கிருமி யாரென்று தெரியாத நேரத்தில் வலையை அகலமாக விரிக்கிறோம். மருந்து போகுமுன் இரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் அறிக்கை வந்து கிருமி தெரிந்ததும் அதற்குப் பொருந்தும் குறுகிய மருந்துக்கு மாறியாக வேண்டும். அகலமாகத் தொடங்குவதற்கு இந்த வழிகாட்டுதலைக் காட்டுபவர்கள், குறுக்கச் சொல்லும் பகுதியையும் படிக்க வேண்டும். நோயாளி தேறிவிட்டார், எதற்கு மாற்றம் என்று அதே மெரோபெனத்தைப் பத்து நாள் ஓட்டுவதற்கு ஏணி நம்பிக்கையைத் தவிர வேறு காரணம் இல்லை.

அடுத்த வாதம், பழைய மருந்துகள் எல்லாம் செத்துவிட்டன, எடுத்தவுடன் மேலிருந்து தொடங்குவதே நல்லது என்பது. மருந்தெதிர்ப்பு இந்தியாவில் கடுமையாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கிருமியிடம், எந்த மருந்துக்கு என்று கேட்காமல் பொத்தாம்பொதுவாகச் சொல்வது அறிவியல் ஆகாது. தொண்டை அழற்சி தந்து, அதன் வழியே இதய வால்வுகளைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ், பெனிசிலின் வந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அதற்குக் கட்டுப்பட்டே இருக்கிறது. சிஃபிலிஸ் கிருமியும் அப்படியே. டைபாய்டுக் கிருமி ஒரு காலத்தில் குளோராம்ஃபெனிகாலையும் ஆம்பிசிலினையும் தோற்கடித்தது. அவற்றின் பயன்பாடு குறைந்த பிறகு இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டுக் கிருமிகள் மீண்டும் அவற்றுக்குக் கட்டுப்படுகின்றன. அந்தக் கிருமிகள் இப்போது எதிர்ப்பது, எல்லாரும் எளிதில் எழுதிய சிப்ரோஃபிளாக்சாசினை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கேட்கிறது என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டால், பழையது செத்ததா இல்லையா என்பதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனமே ஏணி வைத்திருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. 2017இல் அது ஆன்டிபயாடிக்குகளை மூன்றாகப் பிரித்தது உண்மை: முதலில் பயன்படுத்த வேண்டியவை, கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை, கையிருப்பில் காக்க வேண்டியவை. அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் முதல் பிரிவு. நம்மூர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்கும் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் இரண்டாம் பிரிவு. கோலிஸ்டினும் லினசோலிடும் மூன்றாவது. இந்தப் பிரிவினை மருந்தெதிர்ப்பைத் தூண்டும் ஆபத்தையும், மாற்று இல்லாத நோயாளிகளுக்காகக் காப்பாற்ற வேண்டிய தேவையையும் வைத்துச் செய்யப்பட்டது. பயன்பாட்டில் 70 சதவீதமாவது முதல் பிரிவு மருந்துகளாக இருக்க வேண்டும் என்பதை 2030க்கான உலக இலக்காக ஐ.நா. பொதுச்சபை 2024இல் ஏற்றது. கீழ்ப்படி என்று நாம் ஒதுக்கும் மருந்துகளைத்தான் உலகம் அதிகம் பயன்படுத்தச் சொல்கிறது.

கடைசி வாதம் அனுபவத்திலிருந்து வருவது: மாத்திரையை மாற்றியதும் மறுநாளே காய்ச்சல் விட்டதே? சளி, இருமல், தொண்டைக் கரகரப்பு, பல காய்ச்சல்கள் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் எதுவும் வைரஸைத் தொடாது. மூன்று நாள் ஒரு மாத்திரை, நான்காம் நாள் இன்னொன்று, ஐந்தாம் நாள் காய்ச்சல் போய்விட்டது என்றால், அது தானாகப் போகும் நாளில் போயிருக்கிறது. கடைசியாக விழுங்கிய மாத்திரைக்குப் பெயர் கிடைக்கிறது. இதில் மறைந்துள்ள தீங்கும் உண்டு. காசநோயாளியின் இருமலை நிமோனியா என்று எண்ணி லெவோஃபிளாக்சாசின் கொடுத்தால் சில நாள் சுகம் தெரியும், ஏனென்றால் அது காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும், ஒற்றை மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி அதை எதிர்க்கவும் கற்றுக்கொள்ளும்.

தேவையற்ற அகல வீச்சுக்கு விலை உண்டு. அந்த மருந்து குடலிலுள்ள கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்களையும் அழிக்கிறது. தப்பிப் பிழைக்கும் எதிர்ப்புக் கிருமிகளுக்கு இடம் காலியாகிறது. சிப்ரோஃபிளாக்சாசினும் லெவோஃபிளாக்சாசினும் அடங்கிய ஃபுளோரோகுவினோலோன் வகையால் தசைநாண் அறுவது முதலான பாதிப்புகள் வருவதால், சைனஸ் தொற்று, சாதாரண சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு வேறு வழி இருக்கும்போது அவற்றைத் தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எச்சரித்தது. கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

தனிமனிதனோடு இந்தக் கேடு நிற்பதில்லை. மெரோபெனம் வகை மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம்.-1 நொதி கிராம் நெகட்டிவ் கிருமிகளில் பரவியிருப்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வின் மாதிரிகளில் சென்னையில் எடுத்தவையும் இருந்தன. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்தெதிர்ப்பை எதிர்கொள்ளச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. 2014 மார்ச் முதல் மருந்து விற்பனை விதிகளில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. அதிலுள்ள ஆன்டிபயாடிக்கை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் கடையில் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டம் இருக்கிறது. கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 2019இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மருந்தெதிர்ப்புப் பாக்டீரியாவை நேரடிக் காரணமாகக் கொண்டு இறந்தார்கள் என்பது லான்செட் இதழில் வெளியான மதிப்பீடு.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சீட்டில் மருந்தின் பெயரை எழுதுமுன் நோயின் இடத்தையும், சந்தேகிக்கும் கிருமியையும், எத்தனை நாள் என்பதையும் எழுதுங்கள். அதை எழுத முடியாவிட்டால் மருந்தை எழுதும் காரணமும் உங்களிடம் இல்லை. அரசிடம் கேட்பது, தாலுகா மருத்துவமனை வரை கிராம் சாயச் சோதனையும் கல்ச்சர் வசதியும் வர வேண்டும் என்பது. சோதனைக்கூடம் இல்லை என்ற சாக்கு அதோடு தீரும்.

வாசகரிடம் கேட்பது மூன்று கேள்விகள். இது பாக்டீரியாவால் வந்ததா? எந்தக் கிருமி என்று நினைக்கிறீர்கள்? இந்த மருந்து அதற்குப் பொருந்துமா? மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். பழைய, மலிவான மாத்திரை ஒன்றைக் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால், அவர் உங்களுக்குக் குறைவான சிகிச்சை தரவில்லை, சரியான சிகிச்சை தருகிறார் என்று நம்புங்கள்.